தடா அருவி: பாதைக்கு முன்னால் மடுவைக் கவனியுங்கள்

மழை விட்டதும் காசிமேடு, தண்டையார்பேட்டை, வியாசர்பாடி, மாதவரம் பக்கத்துப் பையன்கள் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பும் இடம் தடா ஃபால்ஸ். அதன் சொந்தப் பெயர் உப்பலமடுகு. ஆந்திராவின் திருப்பதி மாவட்டத்தில், வரதையப்பாளையத்துக்கு அருகே காட்டுக்குள் இருக்கிறது. தடா என்பது நெடுஞ்சாலையிலிருந்து நாம் திரும்பும் ஊர், அவ்வளவுதான். தெலுங்கில் ‘மடுகு’ என்றால் நம்முடைய மடு. அந்த ஊர்க்காரர்கள் விழுகிற தண்ணீருக்குப் பெயர் வைக்கவில்லை. கீழே தேங்கி நிற்கிற ஆழத்துக்குத்தான் வைத்திருக்கிறார்கள். இந்த விமர்சனமும் பெரும்பாலும் அந்த ஆழத்தைப் பற்றித்தான்.

முதலில் தீர்ப்பைச் சொல்லிவிடுகிறோம். அழகுக்கு ஐந்துக்கு ஐந்து. செங்குத்தான பாறைச் சுவர், பச்சைக் கண்ணாடி மாதிரித் தண்ணீர், ஒன்றுக்கு மேல் ஒன்றாகக் குளங்கள். கொடுக்கிற டிக்கெட் காசுக்கு இப்படி ஒரு காட்டை வடசென்னையிலிருந்து காலையில் போய் மாலையில் திரும்பும் தூரத்தில் பார்க்க முடிவதே பெரிய விஷயம். நடைக்கு ஐந்துக்கு மூன்று. உடம்பில் தெம்பு உள்ளவர்களுக்கு மட்டும். குளத்தில் இறங்குவதற்கு நாங்கள் மார்க் போடப் போவதில்லை. அதை நீங்கள்தான் போன அன்றைக்குப் பார்த்துப் போட வேண்டும், எப்படி என்று கீழே சொல்கிறோம்.

வழி: மாதவரத்திலிருந்து செங்குன்றம், கும்மிடிப்பூண்டி, ஆரம்பாக்கம், தடா; அங்கே ஸ்ரீகாளஹஸ்தி சாலையில் திரும்பி வரதையப்பாளையம். எல்லாம் சேர்த்துச் சுமார் 80 கி.மீ. திருவொற்றியூர், எண்ணூர்க்காரர்கள் மீஞ்சூர், பொன்னேரி வழியாகப் போய் பஞ்செட்டி பக்கம் நெடுஞ்சாலையைப் பிடிக்கலாம். ரயிலில் என்றால் சூலூர்பேட்டை வரை போகும் லோக்கலில் ஏறினால்தான் தடாவில் இறங்க முடியும், கும்மிடிப்பூண்டியோடு நிற்கும் வண்டி உதவாது. தடாவிலிருந்து ஆட்டோ பேசும்போது திரும்பி வரும் நேரத்தையும் சேர்த்துப் பேசிவிடுங்கள். காட்டு வாசலில் மாலையில் வண்டி தேடி நிற்பது நல்லதல்ல.

சீசன் என்றால் வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த பிறகு, டிசம்பர் பாதியிலிருந்து ஜனவரி முடிய. ஏப்ரல், மே மாதங்களில் தண்ணீர் சுருங்கி, ஓட்டமில்லாமல் தேங்கிக் கிடக்கும். வழியில் சிவன் கோயில் இருப்பதால் மகா சிவராத்திரிக்குக் கூட்டம் சேரும். அந்த ஒரு நாளைத் தவிர்த்துவிட்டால் பாறையில் இடித்துக்கொள்ளாமல் நடக்கலாம்.

பாதையைப் பாதை என்று சொல்வதைவிட ஓடை என்று சொல்வதே சரி. ஒவ்வொரு மழைக்கும் வெள்ளம் கற்களை இடம் மாற்றிப் போடும்; போன வருஷம் கால் வைத்த கல் இந்த வருஷம் ஆடும். கடைசி அருவி வரை போக ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள். விழுபவர்கள் பெரும்பாலும் ஏறும்போது விழுவதில்லை, இறங்கும்போதுதான் விழுகிறார்கள். தொடை தளர்ந்திருக்கும், செருப்பு ஈரமாக இருக்கும், மனசு வண்டிக்குப் போய்ச் சேர்ந்திருக்கும். காய்ந்த பாறை வெளிர் நிறம்; அதில் தைரியமாகக் கால் வைக்கலாம். கறுத்து மினுங்கும் பாறையில் பாசி. பழுப்புப் பச்சையாக வழவழவென்று இருக்கிற இடத்தில் எந்த ஷூவும் நிற்காது. பழைய பருத்தி சாக்ஸ் ஒரு ஜோடியை ஷூவுக்கு மேலே இழுத்து மாட்டிக்கொண்டால் ஓரளவு பிடிக்கும், துணி பாசியைத் துடைத்துக்கொண்டே போகும். பத்து நிமிஷத்தில் கிழிந்துவிடும். ஆபத்தான திருப்பத்துக்கு மட்டும் போட்டுக் கழற்றுங்கள். ஹவாய் செருப்போடு வருபவரை முதல் குளத்தோடு நிறுத்திவிடுவதே அவருக்குச் செய்யும் மரியாதை.

இனி மடு.

தெளிந்த தண்ணீர் பொய் சொல்லும். தண்ணீருக்குள்ளிருந்து வரும் வெளிச்சம் வளைந்து வருவதால் அடித்தரை மேலே தூக்கிக் காட்டப்படும். நேர் மேலேயிருந்து பார்த்தாலே உண்மை ஆழத்தில் முக்கால் பங்குதான் கண்ணுக்குத் தெரியும். நெஞ்சளவு, நாலடிதான் என்று தோன்றும் இடம் 5 அடி 4 அங்குலம் இருக்கும். அதாவது நெஞ்சு அல்ல, மூக்கு. கரையில் நின்று சாய்வாகப் பார்த்தால் இன்னும் மேலே தெரியும். நீச்சல் தெரியாதவர் ‘நிற்கலாம்’ என்று நம்பி வைக்கும் அந்த ஓரடியில்தான் கால் தரை தேடிப் போகிறது. ஆழம் தெரியாமல் காலை விடாதே என்று பாட்டிமார்கள் சொன்னது அனுபவத்தில். கணக்கும் அதையேதான் சொல்கிறது. ஏழு எட்டு அடிக் கம்பு ஒன்றை வெட்டாமல், கீழே கிடப்பதை எடுத்து ஊன்றிப் பாருங்கள். ஒரு இடத்தில் ஊன்றினால் போதாது. பாறைக் குளம் ஏரி மாதிரிச் சரிந்து போகாது, அலமாரித் தட்டு மாதிரி ஒரே வெட்டில் இறங்கும்.

இரண்டாவது விஷயம் கடலில் நீந்திப் பழகியவர்களுக்கு. இது குறிப்பாக நம் பக்கத்துப் பிள்ளைகளுக்காகவே எழுதுகிறோம். கடல் தண்ணீர் நல்ல தண்ணீரைவிட நூற்றுக்கு இரண்டரை பங்கு கனம் கூட. 60 கிலோ ஆளை அது ஒன்றரை கிலோ அதிகமாகத் தூக்கிக் கொடுக்கும். கேட்க அற்பமாக இருக்கும். ஆனால் தலையின் எடையே நாலு ஐந்து கிலோதான். மிதப்பதற்கும் மூழ்குவதற்கும் நடுவே இருப்பது அந்த ஒன்றிரண்டு கிலோ. கடலில் மல்லாந்து படுத்து இளைப்பாறியவர் இங்கே அதே மாதிரிப் படுத்தால் கால் இறங்கும், பின்னாலேயே முகமும். அதோடு அருவி விழும் இடத்தில் வெள்ளையாக நுரைக்கிறதே, அது முழுத் தண்ணீர் அல்ல. ஐந்தில் ஒரு பங்கு காற்று கலந்திருந்தால் தூக்கும் சக்தியிலும் ஐந்தில் ஒரு பங்கு போய்விடும். எவ்வளவு அடித்தாலும் உடம்பு மேலே வராது. விழும் நீர் கீழே போய், பக்கத்தில் எழும்பி, மறுபடி அருவியின் அடிக்கே திரும்பும். அந்தச் சுழற்சியை எதிர்த்து நீந்துவது வீண்; மூச்சைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில், ஓட்டம் வெளியேறும் வாய் எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் போக வேண்டும். வெள்ளை நுரை இருக்கும் வட்டத்துக்குள் போகவே போகாதீர்கள், எவ்வளவு பெரிய நீச்சல்காரராக இருந்தாலும் சரி.

குதிப்பது. 3 மீட்டர் உயரப் பாறையிலிருந்து குதித்தால் தண்ணீரைத் தொடும்போது வேகம் மணிக்கு 27 கி.மீ.-க்கு மேல். 5 மீட்டர் என்றால் 35. அந்த வேகத்தில் தலைகீழாகப் போய் அடியில் கிடக்கும் பாறையில் முட்டினால் கழுத்தெலும்பு நொறுங்கும், உயிர் பிழைத்தாலும் கைகால் பிழைக்காது. மழைக்கு மழை பாறை நகரும் என்று மேலே சொன்னோமே, அது குளத்தின் அடிக்கும் பொருந்தும். ‘போன தடவை இங்கேதானே குதிச்சோம் மச்சான்’ என்பது சாட்சியே ஆகாது.

மூன்றாவது, மூழ்குபவர் கத்த மாட்டார். இதைக் கூட வருகிற எல்லோருக்கும் வண்டி ஏறும் முன்பே சொல்லிவிடுங்கள். வாய் தண்ணீர் மட்டத்தில் மேலும் கீழும் போய்வரும். மூச்சு இழுக்கவே நேரம் போதாதபோது கூப்பிட எங்கே நேரம்? கை மேலே ஆடாது, பக்கவாட்டில் தண்ணீரை அமுக்கும். தலை பின்னால் சாய்ந்திருக்கும், உடம்பு ஏணியில் நிற்பதுபோல நேராக இருக்கும், கால் உதைக்காது. பார்ப்பவருக்கு விளையாடுவதுபோலத் தெரியும். இந்த நிலை 20 முதல் 60 விநாடிதான். அதற்குள் ஒரு பொருள் கையில் சிக்க வேண்டும். ஒருவரைக் காப்பாற்ற இன்னொருவர் குதிப்பதும், முதல் ஆள் அவர் கழுத்தைக் கட்டிக்கொள்வதும், அடுத்தவர் குதிப்பதும். ஒரே வீட்டில், ஒரே தெருவில் இரண்டு மூன்று சாவு விழுவது இப்படித்தான்.

மூச்சு நின்ற மூளை நாலு முதல் ஆறு நிமிஷம்தான் தாங்கும். கீழேயிருந்து மடுவுக்கு வர ஒன்றரை மணி நேரம். இந்த இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வாசலில் ஆம்புலன்ஸே நின்றாலும் மடுவில் விழுந்தவருக்கு அது பயன்படாது. உதவி மடுவின் கரையிலேயே இருந்தாக வேண்டும். அருவிகளைப் பொதுமக்களுக்குத் திறந்துவிடும்போது வேலை எப்போதும் வாசலில் தொடங்குகிறது: சோதனைச் சாவடி, வண்டி நிறுத்தம், கழிப்பறை, பிறகு படி, கைப்பிடி. அதெல்லாம் வேண்டும்தான். ஆனால் படி போட்டால் முன்பு ஏற முடியாதவர்களும் ஏறுவார்கள். நீச்சல் தெரியாதவர், குழந்தை, வயதானவர் எல்லோரையும் மடு வரை கொண்டு வந்து சேர்ப்பது அந்தப் படிதான். பாதை சுலபமாக ஆக ஆக மடுவில் பாதுகாப்பு கூடிக்கொண்டே போக வேண்டும்.

அது பெரிய செலவும் இல்லை. குற்றாலம் மெயின் அருவியைப் பாருங்கள். பொங்குமாங்கடல் என்ற பள்ளத்தில் விழுந்து வேகம் தணிந்துதான் தண்ணீர் தலையில் கொட்டுகிறது. அப்படியிருந்தும் அங்கே ஒரு பாதுகாப்பு வளைவு வைத்திருக்கிறார்கள். தண்ணீர் அந்த வளைவைத் தாண்டி விழுந்தால் குளிக்கத் தடை. யாரும் யாரிடமும் வாதாட வேண்டியதில்லை, கண்ணால் பார்த்தாலே தெரியும். ஒகேனக்கலில் பிலிகுண்டுலுவில் அளக்கும் நீர்வரத்து ஏறினால் பரிசல் நின்றுவிடும். சின்ன ஓடைக்கு அவ்வளவு பெரிய ஏற்பாடு தேவைப்படாது: வெளியேறும் வாயில் பாறையில் ஒரு சிவப்புக் கோடு, அதைத் தண்ணீர் தொட்டால் எல்லோரும் வெளியே. நுரை வட்டத்துக்கு முன்னால் குளத்தின் குறுக்கே மிதவை கோத்த ஒரு கயிறு. கரையில் எறிகயிறும் காற்று வளையமும் தொங்கும் ஒரு கம்பம். ஆழத்தை அடிக்கணக்கில் எழுதிய பலகை. விசிலோடு ஓர் ஆள், நீந்தத் தெரிந்தவர், முழு நேரமும் தண்ணீரை மட்டும் பார்ப்பவர். நீங்கள் போய்ச் சேர்ந்ததும் இந்த ஐந்தையும் தேடுங்கள். இருந்தால் இறங்குங்கள். இல்லாவிட்டால் கரையில் உட்கார்ந்து காலை நனைத்துக்கொண்டு, கொண்டுபோன புளிசாதத்தைச் சாப்பிட்டுவிட்டு வாருங்கள். அழகில் ஒரு துளிகூடக் குறையாது.

கோடும் வளைவும் ஏன் என்றால், காட்டாற்று வெள்ளம் வானத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டு வராது. 2024 மே 17-ம் தேதி பழைய குற்றாலத்தில் திடீரென்று வந்த வெள்ளம் 17 வயதுப் பள்ளி மாணவனை அடித்துக்கொண்டு போனது. நாம் நிற்கும் இடத்தில் வெயில் அடிக்கும், மலை மேலே கொட்டியிருக்கும். அறிகுறி மூன்று: தெளிவாக இருந்த தண்ணீர் டீ நிறத்துக்குக் கலங்கும், சருகும் சுள்ளியும் கூட்டமாக மிதந்து வரும், அருவியின் சத்தம் கனக்கும். போனதும் தண்ணீர் ஓரத்தில் ஒரு கல்லை வைத்துவிடுங்கள். கல் நனைந்தால் பையைத் தேடிக்கொண்டு நிற்காமல் பக்கத்துச் சரிவில் மேலே ஏறுங்கள். ஓடை வழியே கீழே ஓடக் கூடாது. வெள்ளம் உங்களைவிட வேகமாக ஓடும். ஓடையைத் தாண்டி அக்கரையில் உட்கார்ந்து சாப்பிடும் வழக்கத்தையும் விடுங்கள், முழங்காலளவு தண்ணீரே வேகமாக வந்தால் திரும்பத் தாண்ட முடியாது.

எடுத்துப் போக வேண்டியதில் முதல் பொருள் கயிறு. காசிமேடு துறைமுகத்தைச் சுற்றியுள்ள வலைக் கடைகளில் கிடைக்கும். நைலான் கேட்காதீர்கள், அது தண்ணீரில் முழுகும். பாலிபுரொப்பிலீன் கயிறு மிதக்கும். சின்னத் துண்டு ஒன்றை வாளித் தண்ணீரில் போட்டுப் பார்த்தே வாங்கலாம். 8 மி.மீ. தடிமன், 20 மீட்டர் நீளம், எடை முக்கால் கிலோகூட வராது. அதைவிட மெல்லிசு என்றால் ஈரக் கையை அறுக்கும். நுனியில் வலைக்குக் கட்டும் மிதவை நாலைந்தைக் கோத்துக்கொள்ளுங்கள், எறியக் கொஞ்சம் கனமும் கிடைக்கும், பிடிக்கவும் வாகாக இருக்கும். கயிற்றைச் சுருட்டிக் கட்டி வைக்காதீர்கள், சிக்கு விழும். ஒரு துணிப்பைக்குள் நுனியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத் திணித்து வையுங்கள், எறியும்போது தானாக உருவி வரும். எறிவதற்கு முன் உட்கார்ந்துகொள்ளுங்கள், இன்னொருவர் உங்கள் பெல்ட்டைப் பிடித்துக்கொள்ளட்டும். ஆளின் மேல் அல்ல, தலையைத் தாண்டி விழும்படி எறிய வேண்டும். கயிறு தோளில் படும், தானே பற்றிக்கொள்வார். உங்கள் இடுப்பிலோ மணிக்கட்டிலோ கயிற்றைச் சுற்றவே கூடாது. கயிறு இல்லாத நேரத்தில் வேட்டி, துப்பட்டா, ஒன்றோடொன்று முடிச்சுப் போட்ட இரண்டு மூன்று லுங்கி எல்லாம் கயிறுதான். மூடிய காலி 5 லிட்டர் கேன் ஐந்து கிலோ தூக்கும்; ஒரு ஆளின் வாயைத் தண்ணீருக்கு மேலே வைக்க அது போதும். லைஃப் ஜாக்கெட் வாங்குவதென்றால் 100 நியூட்டன் என்று போட்டிருப்பதைப் பாருங்கள், அது சுமார் பத்து கிலோ தூக்கும். போட்டு வாரை இறுக்கிய பிறகு தோள் பட்டையைப் பிடித்து மேலே இழுங்கள். காது வரை ஏறினால் அது உங்கள் அளவு அல்ல.

ஜீன்ஸோடு இறங்காதீர்கள். குடித்தவரை இறக்காதீர்கள், கெஞ்சினாலும் சண்டைக்கு வந்தாலும்.

வெளியே எடுத்தவருக்கு மூச்சு இல்லை என்றால் வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுக்கும் பழக்கம் வேண்டாம். தலைகீழாகப் பிடித்துச் சுற்றுவதும் வேண்டாம். அதில் வருவது வயிற்றுத் தண்ணீரும் சோறும்தான், அது நுரையீரலுக்குள் போய்விடும். மல்லாக்கப் படுக்கவைத்து, தலையைப் பின்னால் சாய்த்து, மூக்கைப் பொத்தி வாயோடு வாய் வைத்து ஐந்து முறை மூச்சுக் கொடுங்கள், நெஞ்சு எழும்புகிறதா என்று பாருங்கள். பிறகு நெஞ்சின் நடுவில் 30 அழுத்தம், 2 மூச்சு, மறுபடி 30. அழுத்தம் 5 முதல் 6 செ.மீ. இறங்க வேண்டும், நிமிஷத்துக்கு 100 முதல் 120. கை சோர்ந்தால் ஆள் மாற்றுங்கள், நிறுத்தாதீர்கள். கண் விழித்து எழுந்து உட்கார்ந்துவிட்டாலும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். இருமலும் மூச்சுத் திணறலும் சில மணி நேரம் கழித்தும் வரலாம். பள்ளத்தில் போன் சிக்னலை நம்பாதீர்கள், இரண்டு பேரைச் சேர்த்துக் கீழே ஓட விடுங்கள். 108 ஆந்திராவிலும் வேலை செய்யும், ஆனால் எடுப்பவர் தெலுங்கில் பேசுவார். ‘உப்பலமடுகு, வரதையப்பாளையம்’ என்று சொல்லுங்கள். ‘தடா ஃபால்ஸ்’ என்றால் வண்டி தடா ஊருக்குப் போய் நிற்கலாம்.

மொழி என்றதும் ஒன்று. தெலுங்கில் ‘ப்ரமாதம்’ என்றால் ஆபத்து. வழியில் ஆடு மேய்ப்பவரோ காவல் நிற்பவரோ தண்ணீரைக் காட்டி ‘சால ப்ரமாதம்’ என்று சொன்னால் பிரமாதமாக இருக்கிறது, போய்க் குளி என்று அவர் சொல்லவில்லை. ரொம்ப ஆபத்து, போகாதே என்கிறார். ‘லோத்து’ என்றால் ஆழம். இந்த இரண்டு சொல்லைப் பின்னால் உட்கார்ந்திருக்கும் தம்பிக்கும் சொல்லிவையுங்கள். பலகை வைப்பவர்கள் தமிழிலும் எழுத வேண்டும். வருகிறவர்களில் பாதிக்கு மேல் இந்தப் பக்கத்து ஆட்கள் என்பது வண்டி நிறுத்தத்தில் நம்பர் பிளேட்டைப் பார்த்தாலே தெரியும்.

குடும்பத்தோடு போகிறவர்கள் பத்து வயதுக்குக் கீழே குழந்தை இருந்தால் ஆரம்பத்து ஆழமில்லாத ஓட்டங்களோடு நின்றுகொள்ளுங்கள், முழங்காலுக்குக் கீழே தண்ணீர் என்றாலும் ஒரு பெரியவருக்கு ஒரு குழந்தை என்ற கணக்கில். காலை ஐந்து மணிக்கு மாதவரத்தைத் தாண்டிவிட்டால் வெயில் ஏறும் முன் நடையைத் தொடங்கலாம். எங்கே இருந்தாலும் மதியம் இரண்டு மணிக்குத் திரும்ப ஆரம்பித்துவிடுங்கள். டிசம்பரில் பள்ளத்துக்குள் நாலரைக்கே நிழல் விழுந்து, காய்ந்த பாறைக்கும் ஈரப் பாறைக்கும் நிற வித்தியாசம் தெரியாமல் போய்விடும்.